பெரிய எல் போட்ட லஞ்ச்

அந்த அக்கா எதையும் கேட்காமல் தொடமாட்டார். பஸ்ஸில் சாரல் உள்ளே அடித்து மடியெல்லாம் நனைந்துகொண்டிருக்கும். அப்போதும் கண்ணாடியை இழுப்பதற்கு முன் பின்சீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "மூடலாங்களா?" என்பார். அவர் பதில் சொல்லும்வரை கை கண்ணாடியில் அப்படியே நிற்கும். ஆபீஸில் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைத்துவிட்டு ஆளாளுக்கு அள்ளிக்கொண்டிருப்போம். அக்கா மட்டும், "இந்தக் கத்திரிக்காயில ஒண்ணு எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டு எடுப்பார். "எடுங்கக்கா, இதுக்கெல்லாமா கேப்பாங்க?" என்று நாங்கள் அலுத்துக்கொண்டால், "கேட்டா என்ன, வாய் தேஞ்சா போயிரும்?" என்பார்.

புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் அனுப்புகிற ஆங்கிலப் புத்தகங்களை, அச்சுக்குப் போகுமுன் வரிவரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது வேலை. கீழே ஜவுளிக்கடைக்காரர்களுக்கே மாடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. 'டைப்பிங் ஆபீஸ்' என்பார்கள். நான் திருமயத்திலிருந்து வருவேன், அக்கா நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வேலைக்கு வந்தவர். படிப்பு என்னைப் போலவே பி.ஏ. ஆங்கிலம்.

எங்கள் பிரிவுக்கு வந்ததெல்லாம் சமையல் புத்தகங்கள். அதனால் சேர்ந்த முதல் வாரமே பயிற்சி கொடுத்தவர் சாப்பாட்டிலிருந்துதான் ஆரம்பித்தார். தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. நமக்குப் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. சாப்பாடு என்றால் சாப்பாடு, தீர்ந்தது. ஆங்கிலத்தில் அப்படி விடமாட்டார்கள். முன்னால் 'எ' வருமா, 'தி' வருமா, ஒன்றுமே வராதா என்று பார்க்க வேண்டும்.

"பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர். இந்த மூணுக்கும் முன்னாடி ஒண்ணும் வராது," என்றார் அவர். "மத்தியானம் சாப்பிட்டோம்னா 'வீ ஹேட் லஞ்ச்.' அவ்வளவுதான். நல்ல லஞ்ச், லேட்டான லஞ்ச்னு எப்படிப்பட்டதுன்னு சொன்னா 'எ' வரும். இன்னார் போட்ட லஞ்ச்னு குறிப்பாச் சொன்னா 'தி' வரும். மத்தபடி வெறும் லஞ்ச். சின்ன எழுத்துதான். பெரிய எல் போட்டுப் பெரிய மனுஷன் ஆக்கிறாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கையைத் தூக்கினார்.

"ஏன் சார் ஒண்ணும் வராது?"

"தினமும் நடக்குற விஷயம்மா. தினமும் நடக்குறதுக்கு எதுக்கு அடையாளம்?"

"எல்லாருக்கும் தினமும் நடக்குமா சார்?"

மறுபடியும் சிரிப்பு. பயிற்சி கொடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "இலக்கணத்துக்கு நடக்கும்மா," என்றார். அக்கா தலையாட்டினார். கேலியாக அல்ல. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்கிற திருப்தியோடு. அன்றிலிருந்து ஆபீஸில் அவருக்குக் 'கொஸ்டின் அக்கா' என்று பெயர்.

நார்த்தாமலையில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். கணவர் கல் அரைக்கும் கிரஷரில் வேலை செய்தவர், கலகலப்பான மனிதர். டீ வந்ததும் ஆரம்பித்துவிட்டார். "ஒங்க அக்கா கதை தெரியுமா? கல்யாணத்தன்னிக்கு நான் தாலிய எடுத்துட்டேன். கெட்டிமேளம் கொட்டுறான். இவ தலையத் திருப்பி என் காதுல கேக்குறா, 'ஒங்களுக்குச் சம்மதந்தானே?'ன்னு. ஒலகத்துல எந்த மாப்பிள்ளையவாச்சும் அந்த நேரத்துல கேட்டிருப்பாங்களா?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"அதுவரைக்கும் யாரும் என்னைய அதைக் கேக்கவே இல்லம்மா. பொண்ணு பாத்தாங்க, தேதி வச்சாங்க, சட்டை தச்சாங்க. என்னையக் கேட்டது இவ ஒருத்திதான். 'சம்மதம்'னு சத்தமாவே சொல்லிட்டேன். ஐயர் என்னைய ஒரு மாதிரி பாத்தாரு."

அக்கா உள்ளே முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "கேக்காமத் தெரிஞ்சுக்க முடியுமா?" என்று அங்கிருந்தே குரல் வந்தது.

எனக்கு நிச்சயம் ஆகி, அது நின்றுபோன சமயம். ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதுகொண்டிருந்தேன். தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். முதுகைத் தட்டினார்கள், முகத்தைத் துடைத்துவிட்டார்கள், 'விட்டுத் தள்ளு' என்றார்கள். எனக்கு இன்னும் அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியாக அக்கா வந்தார். தொடவில்லை. "கூட இருக்கவா, போகட்டுமா?" என்று கேட்டார். "போங்கக்கா" என்றேன். போய்விட்டார். மனசு ஆறி வெளியே வந்தபோது, கதவுக்கு வெளியே நின்று அந்தப் பக்கம் வந்தவர்களையெல்லாம் கீழே ஜவுளிக்கடை பாத்ரூமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். "அவ தனியா இருக்கணுமாம். அங்கிட்டுப் போங்க."

பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தோம். பந்தியில் இலை எடுக்கிறவர்கள் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். வரிசைக் கடைசியில் ஒரு பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இலை நிறையச் சோறு இருந்தது. முடித்துவிட்டார் என்று நினைத்து இலையை மடிக்கப் போனான் ஒருவன். பந்தி விசாரித்துக்கொண்டிருந்த அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"ஐயா, போதுமாங்க? இல்ல, வேற எதுவும் வேணுமா?"

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "பல்லு இல்லம்மா. ரசத்த ஊத்திக் கொழைய யாராச்சும் பெசஞ்சு குடுத்தா சாப்பிடுவேன்."

"நான் பெசையலாங்களா?"

"பெசைம்மா."

கூட்டத்தில் அவர் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களும் இருந்தார்கள். அக்கா அந்த இலைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஏனோ கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஒரு மனுஷி இவ்வளவு கவனமாக இருக்க முடியுமா என்கிற பயம்.

ஆபீஸில் இந்தக் குணம் அவருக்கு உதவியது என்று சொல்ல முடியாது. எங்கள் வேலையில், ஏதாவது சந்தேகம் என்றால் பக்கத்தின் ஓரத்தில் புத்தகம் எழுதியவருக்கு ஒரு கேள்வி எழுதி வைக்கலாம். அதற்குக் கொயரி என்று பெயர். அதிகம் கொயரி வைத்தால் பக்கம் நகராது, பதிப்பகத்துக்கும் பிடிக்காது. "கேள்வி கேக்கவா நமக்குச் சம்பளம் தர்றான்? திருத்துங்கம்மா," என்பார் மேனேஜர். அவர் கெட்ட மனிதர் அல்ல. நேரத்துக்கு வேலை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பெரிய ஓட்டல் சமையல்காரரின் புத்தகம் வந்தது. மனிதர் பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் மூன்றுக்கும் எல்லா இடத்திலும் பெரிய எழுத்துப் போட்டிருந்தார். நாங்கள் என்றால் ஒரே தட்டில் அத்தனையையும் சின்ன எழுத்தாக்கியிருப்போம். அக்கா கேட்டார், 'இதற்கு ஏதும் காரணம் உண்டா?' என்று. 'உன் வேலையைப் பார்' என்று பதில் வந்தது. ஆபீஸே சிரித்தது. அக்கா கோபப்படவில்லை. "காரணம் இல்லன்னு சொல்லிட்டாருல்ல," என்று எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி அனுப்பினார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அயர்லாந்திலிருந்து ஓர் அம்மாள் எழுதிய புத்தகம். ரொம்ப வயதானவர். பண்ணை வீட்டில் வளர்ந்த கதையும் சமையல் குறிப்பும் கலந்து எழுதியிருந்தார். மொழி சுத்தமாக இருந்தது. காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு எல்லாம் முறைப்படி சின்ன எழுத்தில், முன்னால் ஒன்றுமில்லாமல். மதியச் சாப்பாடும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் சில இடங்களில் மட்டும் 'தி லஞ்ச்' என்று இருந்தது. எல் பெரிய எழுத்து. 'தி லஞ்சுக்கு முந்தின வருஷம் ஆப்பிள் நிறையக் காய்த்தது.' 'இந்தக் குழம்புச் சட்டியைத் தி லஞ்சுக்குப் பிறகுதான் வெளியே எடுத்தோம்.' எந்த லஞ்ச், என்ன லஞ்ச் என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

பதிப்பகம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. எழுதியவருக்குக் கண் சரியில்லை, மகள்தான் டைப் செய்கிறார், இனிமேல் கொயரி எதுவும் அனுப்ப வேண்டாம், விதிப்படி நீங்களே முடிவெடுங்கள் என்று. அக்கா மேனேஜர் முன்னால் போய் நின்றார். நானும் அந்தப் புத்தகத்தில் பாதி பார்த்துக்கொண்டிருந்ததால் கூட இருந்தேன்.

"சின்ன எழுத்தாக்கி, 'தி'ய எடுத்துட்டு அனுப்புங்கம்மா. கம்ப்யூட்டரே செவப்புக் கோடு போட்டுக் காட்டுதே."

"கம்ப்யூட்டருக்கு அவங்க யாருன்னு தெரியாதுங்க சார்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார். அதான் கேக்கணுங்கிறேன்."

"கேக்கக் கூடாதுன்னு மெயில் வந்திருக்கு. நான் என்ன செய்ய? ரூல்படி தப்பு. மாத்திருங்க."

அக்கா மாற்றவில்லை. பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்து அனுப்பிவிட்டார். 'இந்த லஞ்சுக்கு மட்டும் பெரிய எழுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். இது ஏதாவது ஒரு நாளின் லஞ்சா? இப்படியே விடட்டுமா?' கீழே தன் பெயரைப் போட்டிருந்தார். மற்றவர்கள் மேல் பழி வரக் கூடாதாம்.

பதிப்பகத்திலிருந்து புகார் வந்தது. சொன்னதைக் கேட்காதவர்களிடம் எப்படி வேலை கொடுப்பது என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் கத்தினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அக்காவைத் திருத்துகிற வேலையிலிருந்து எடுத்து, பக்க எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலைக்குப் போட்டார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை அது. தண்ணீர்க் கேன் பக்கத்தில் ஒரு மேஜை. அந்தச் சமயம் பார்த்துக் கணவர் வேலை பார்த்த கிரஷரையும் மூடியிருந்தார்கள். வீட்டில் அக்கா சம்பளம் மட்டும்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "வருத்தமா இல்லையாக்கா?"

"இருக்கு."

"பேசாம மாத்தியிருக்கலாம்ல?"

அக்கா பையிலிருந்து டிக்கெட்டுக்குச் சில்லறையை எடுத்தார். "அது அவங்க வீட்டுச் சாப்பாடு புள்ள. நாம எப்படிக் கேக்காமக் கை வைக்கிறது?"

பிறகு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வேலை போகவில்லை. ஆனால் பழைய இடமும் உடனே கிடைக்கவில்லை. அங்கே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ரொம்ப நாள் தண்ணீர்க் கேன் பக்கத்திலேயே பக்க எண் பார்த்தார். மேனேஜர் மன்னிப்பும் கேட்கவில்லை, அதற்குமேல் கடிந்து பேசவும் இல்லை. கணவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்ததும் குடும்பமாகப் போய்விட்டார்கள். போகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பப்ப போன் பண்ணலாமா?" என்று கேட்டார். பண்ணுகிறார். அக்காவை நினைத்தால் எனக்கு இவையெல்லாம் பின்னால்தான் வரும். முதலில் வருவது ஒரு சாயங்காலம்.

கேள்வியோடேயே பக்கங்கள் அயர்லாந்துக்குப் போய், மகள் அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். புகார் வந்து சில வாரம் கழித்து அந்த அயர்லாந்து அம்மாள் பேச வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பதிப்பகத்துப் பெண் வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்து, தானும் அதில் சேர்ந்துகொண்டாள். எங்கள் மீட்டிங் ரூமில் மேனேஜர், அக்கா, நான் மூன்று பேர். "நான் பேசிக்கிறேன். நீங்க 'சாரி' மட்டும் சொல்லுங்க, போதும்," என்றார் மேனேஜர். அக்கா தலையாட்டினார்.

திரையில் அந்த அம்மாள் வந்தார். பருத்த கம்பளிச் சட்டை, தடிமனான கண்ணாடி. பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தார், அவருக்கே தலை நரைத்திருந்தது. மேனேஜர் வருத்தம் தெரிவிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாளுக்குக் காதும் மந்தம் போல. அதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

"லஞ்சைப் பற்றிக் கேட்டது உங்களில் யார்?" என்றார். பேச்செல்லாம் ஆங்கிலம்தான். நான் நம் மொழியில் சொல்கிறேன்.

அக்கா வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினார். "நான்தான்."

அந்த அம்மாள் திரைக்கு அருகில் வந்து பார்த்தார். கண்ணாடியும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. "எனக்கே தெரியாது, அப்படி எழுதியிருக்கிறேன் என்று. இவள் டைப் செய்தாள். இவளுக்கும் வித்தியாசமாகப் படவில்லை. இவளும் அதைக் கேட்டே வளர்ந்தவள்."

பிறகு சொன்னார். அவருடைய அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு கிடையாது. பண்ணைகளுக்கு நடுவில் ஒரு கல்சுவர்தான். இவர் பிறப்பதற்கு முன்னாலேயே ஏதோ நிலத்தகராறு. அந்தப் பக்கமிருந்து யாரும் வரமாட்டார்கள், இந்தப் பக்கமிருந்து யாரும் போகமாட்டார்கள். ஒரு நாள், விசேஷம் எதுவும் இல்லாத நாள், மதியம் எல்லோரும் மேஜையில் உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. பெரியப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா எழுந்து ஒரு தட்டு வைத்தார். சாப்பிட்டார், எழுந்து போனார். மறுநாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து வந்துவிட்டது.

"அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. தி லஞ்சுக்கு முன், தி லஞ்சுக்குப் பின். அந்த மேஜையில் இருந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்."

மேனேஜர் முந்திக்கொண்டார். "அப்படியானால் பெரிய எழுத்தையே வைத்துவிடுகிறோம், மேடம். மிக்க நன்றி." பதிப்பகத்துப் பெண்ணும் நன்றி சொன்னாள். அழைப்பு முடிகிற மாதிரி இருந்தது.

"மேடம், ஒன்று கேட்கலாமா?" என்றார் அக்கா.

மேனேஜர் மேஜைக்குக் கீழே கையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"கேள்," என்றார் அந்த அம்மாள்.

"உங்கள் பெரியப்பா..." அக்காவுக்கு ஆங்கிலத்தில் எழுத வரும் அளவுக்குப் பேச வராது. வார்த்தையைத் தேடினார். "அவர் மறுபடியும்... இரண்டாவது தடவை... வாங்கிச் சாப்பிட்டாரா?"

பதிப்பகத்துப் பெண்ணுக்குப் புரியவில்லை. என்ன கேட்கிறீர்கள் என்றாள். எனக்குப் புரிந்தது. பேச்சில்லாத வீட்டுக்குப் போய் ஒருவர் ஒரு வாய் சாப்பிடலாம், முகத்துக்காக. இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று கேட்பது வேறு. எங்கள் பக்கத்தில் பங்காளிகள் கூடும் எந்தப் பந்தியிலும் பெண்கள் அதைத்தான் கவனிப்பார்கள். அக்கா வார்த்தையை விட்டுவிட்டு, கையில் தட்டைப் பிடித்து நீட்டுவது போலக் காட்டினார்.

அந்த அம்மாள் அசையவில்லை. லைன் நின்றுவிட்டது என்று நினைத்து மேனேஜர் மவுஸைப் பிடித்தார். ஆனால் பின்னால் மகள் நகர்ந்துகொண்டிருந்தார். லைன் சரியாகத்தான் இருந்தது.

"நீட்டினார்," என்றார் அந்த அம்மாள். "உருளைக்கிழங்குச் சட்டி என் அம்மா பக்கத்தில் இருந்தது. பெரியப்பா தட்டை அம்மாவிடம் நீட்டவில்லை. மேஜையைத் தாண்டி என் அப்பாவிடம் நீட்டினார். அப்பா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து, சுற்றி வந்து, சட்டியை எடுத்து, நின்றுகொண்டே அவருக்குப் பரிமாறினார். அப்பா யாருக்கும் பரிமாறி நான் பார்த்ததில்லை." கண்ணாடியைக் கழற்றினார். "பெரியப்பா பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். இது எப்படி எனக்கு மறந்தது?"

"அம்மா, நீ இதைச் சொன்னதே இல்லை," என்றார் பின்னால் நின்ற மகள்.

"யாரும் கேட்டதில்லை." அவர் இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டு மாதிரி ஏந்தி, திரையைப் பார்த்து நீட்டினார். "இப்படி. இப்படித்தான் நீட்டினார்."

எங்கள் மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நானும் நின்றேன். அக்கா மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இதையும் எழுதலாங்களாம்மா?" என்று கேட்டார். அவசரத்தில் தமிழில் கேட்டுவிட்டார். அந்த அம்மாள் அதற்குத் தலையாட்டினார்.